கயிறு விடாத பாட்டு

பாட்டு மூன்று விநாடி குறைந்திருந்தது.

ஒக்ரோபர் மாதத்து ஒரு திங்கட்கிழமை, காலை பத்து மணி. ஸ்ரனிஸ்லஸ் தேத்தண்ணிக் கோப்பையைக் கணினிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அல்பத்தின் ஒன்பது பாட்டுகளுடைய நீளத்தையும் வழக்கம்போலக் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தான். எட்டுப் பாட்டுகள் சரியாக இருந்தன. ஒன்பதாவது பாட்டின் பெயர் ‘வலை’. வெள்ளிக்கிழமை அது ஆறு நிமிடம் பன்னிரண்டு விநாடி. இன்று ஆறு நிமிடம் ஒன்பது. இடையில் இரண்டு நாளும் அறை பூட்டிக் கிடந்தது. திறப்பு அவனுடைய சேட்டுப் பைக்குள் இருந்தது.

சிவப்புப் பேனையை எடுத்து, ‘6:09. காரணம் தெரியாது’ என்று எழுதிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தான். வேறு யாராக இருந்தாலும் ஒரு கணமாவது நெஞ்சு பதறியிருக்கும். அவனுக்குப் பதறி இருபது வருடம்.

அந்த அறை புளியங்குளத்தில், கண்டி வீதியிலிருந்து அரைமைல் உள்ளே, அவனுடைய வீட்டின் பின்பக்கம் இருந்தது. ஜன்னல் இல்லை. வெளிச் சத்தம் புகாமல் இருக்க, நான்கு சுவரிலும் முகடு வரைக்கும் உமி அடைத்த சாக்குகளை அடுக்கியிருந்தான். கதவைச் சாத்தினால் காதுக்குள் இரத்தம் ஓடுவது கேட்கும். அதற்குள் இருந்துதான் வானொலிக்கு மரண அறிவித்தல் வாசித்துக் கொடுப்பான். இன்னாரின் அன்பு மனைவியும், இன்னாரின் பாசமிகு தாயாரும் என்று அவன் ஒரே சீராக வாசிப்பதைக் கேட்டால் அழுகிறவர்களுக்கும் அழுகை நின்றுவிடும் என்று சனம் சொல்லும்.

முன்னொரு காலத்தில் அவன் ‘உப்புக்காற்று’ என்ற இசைக்குழுவில் பேஸ் கிற்றார் வாசித்தவன். முல்லைத்தீவுக் கரையில் பிறந்த நாலு பேர் அதில் இருந்தார்கள். பாட றஜித், ட்ரம்ஸ் அடிக்க நிரோசினி, கீபோர்ட்டுக்குப் பிரதாபன், பேஸுக்கு ஸ்ரனிஸ்லஸ். இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் ஒரு அல்பம் வெளிவந்தது. பிறகு றஜித் பிரான்சுக்குப் போனான், குழு கலைந்தது. பன்னிரண்டு வருடம் கழித்து, ஆறு மாத லீவில் வந்த றஜித்தே எல்லாரையும் திரும்பப் பிடித்து இந்த அறைக்குள் இருத்தினான். புது அல்பம் வருகிற ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்கு இணையத்தில் வெளியாகும். ஒன்பது பாட்டும் ஏற்றியாகிவிட்டது. ஆறு மணிக்கு அது தானாகவே உலகத்துக்குத் திறக்கும்.

‘வலை’ அவர்கள் எழுதிய பாட்டு இல்லை. கரைவலை இழுக்கிறபோது பாடுகிற அம்பாவை எடுத்து, அதற்குக் கிற்றாரும் ட்ரம்ஸும் போட்டிருந்தார்கள். கரைவலையில் இழுக்கிறவர்கள் ஒவ்வொருவரும் இடுப்பில் ஒரு துண்டுக் கயிறு கட்டி, அதன் நுனியை வலைக் கயிற்றில் கொளுவி, கடலைப் பார்த்தபடி பின்பக்கமாக அடி வைத்து வருவார்கள். வலைக்குத் தலைவரான மண்டாடி பாட்டில் ஒரு அடி கூப்பிடுவார், இழுக்கிறவர்கள் ஒரு அடி பதில் சொல்வார்கள்.

“வலை எங்கை?”

“வருகுது!”

கூப்பிட்டது நிரோசினியின் தகப்பன், மண்டாடி தோமஸ். ஜூன் மாதம் கரையில் வைத்து ஸ்ரனிஸ்லஸ் ஒலிப்பதிவு செய்தான். வழக்கமாக வலை இழுக்கிற ட்ராக்டரின் சத்தம் பாட்டில் விழும் என்பதற்காக அன்று கையால்தான் இழுத்தார்கள். தொடங்க முன்னம் தோமஸ் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மைக்குக்குக் கிட்ட வந்தார்.

“டேய் ஸ்ரனி, நான் ‘கயிறு விடு’ எண்டு சொல்லுமட்டும் உந்த மெசினை நிப்பாட்டப்படாது. அம்பா தொடங்கினா முடிக்கவேணும். முடிக்காட்டி இடுப்புக் கயிறு கழராது.”

“கழராட்டி என்ன பெரியப்பா செய்யிறது?” என்று றஜித் கேட்டான்.

“இழுத்துக்கொண்டே இருக்கவேண்டியதுதான். பாரிஸ் வரைக்கும் இழுக்கலாம், உனக்குப் பிளேன் காசு மிச்சம்.”

எல்லாரும் சிரித்தார்கள். தோமஸ் சிரிக்கவில்லை. ஸ்ரனிஸ்லஸுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: “நீ முந்தியும் ஒருக்கா இடையிலை விட்டிட்டுப் போனனி. நான் மறக்கேல்லை.”

ஸ்ரனிஸ்லஸ் மைக்கின் சத்தத்தை இரண்டு புள்ளி குறைத்தான்.

கடைசியில் தோமஸ் ‘கயிறு விடு’ என்று கூப்பிட்டது நன்றாகவே பதிவாகியிருந்தது. ஆனால் அது தாளத்தில் உட்காரவில்லை. “முடியாமலே கரைஞ்சு போகட்டும் மச்சான், அதுதான் ஸ்ரைல்” என்றான் றஜித். ஸ்ரனிஸ்லஸ் வெட்டினான். வெட்டிய துண்டை அன்று பின்னேரமே அழித்தான். தேவையில்லாததை வைத்திருப்பது அவனுக்குப் பழக்கமில்லை. பிறகு நாலு பேரும் அறைக்குள் நின்று ‘வருகுது’ என்று பதில் பாடினார்கள். ஒவ்வொருவரும் பத்துத் தரம். நாலு பேர் நாற்பது பேராகக் கேட்டது. ஓகஸ்டில் தோமஸ் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கதிரையில் இருந்தபடியே செத்துப்போனார். அந்த அறிவித்தலையும் ஸ்ரனிஸ்லஸ்தான் வாசித்தான். ஒரே தரத்தில் வாசித்து முடித்தான்.

செவ்வாய்க்கிழமை பாட்டு 5:48. புதன்கிழமை 5:02.

புதன் மத்தியானம் கதவைச் சாத்தி, ஃபானை நிறுத்தி, ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு, ஒரு பக்கத்தில் பென்சிலும் மறுபக்கத்தில் கொப்பியுமாக முழுப் பாட்டையும் கேட்டான். கூப்பிட்ட அடி ஒன்றும் குறையவில்லை, பதில் அடி ஒன்றும் குறையவில்லை. எண்ணிப் பார்த்தான், எல்லாம் இருந்தது. குறைந்தது இடைவெளிதான். தோமஸ் கூப்பிடுவதற்கும் நாற்பது பேர் பதில் சொல்வதற்கும் நடுவில் கடல் இரைகிற அந்தத் தூரம் சுருங்கியிருந்தது. ஜூன் மாதத்தில் இடது காதின் ஓரத்தில் எங்கேயோ ஒதுங்கிக் கிடந்த கடல் இப்போது இரண்டு காதிலும் கேட்டது. அலை மணலில் ஏறி, நுரை உடைந்து, சிப்பிகளை உருட்டிக்கொண்டு திரும்பிப் போகிற கறகறப்பு வரைக்கும் கேட்டது. ஹெட்ஃபோனைக் கழற்றினான். அறைக்குள் ஊறின தும்புக் கயிறு வெயிலில் காய்கிற மணம். மைக் நிற்கிற இடத்தைச் சுற்றி ஒரு கைப்பிடி மணல் கொட்டிக் கிடந்தது.

புளியங்குளத்து மண் சிவப்பு. இது வெள்ளை.

தும்புத்தடியால் கூட்டி அள்ளி வெளியே கொட்டினான். ‘மணல், ஒரு பிடி’ என்று கொப்பியில் எழுதினான்.

வியாழக்கிழமை நிரோசினி முல்லைத்தீவு பஸ்ஸில் வந்து இறங்கினாள். முகம் வாடிப்போயிருந்தது. தண்ணி கேட்டாள், குடித்தாள், கதிரையில் இருக்காமல் சுவரில் சாய்ந்து நின்றாள்.

“ஸ்ரனி அண்ணா, ஒரு கிழமையா இடுப்பைச் சுத்தி நோகுது. துணி பட்டாலே எரியுது. பிரதாபனுக்கும் அப்பிடியாம். றஜித் அண்ணா ரெண்டு நாளா வேட்டி கட்டிக்கொண்டு திரியிறார், ஜீன்ஸ் போட ஏலாதாம். உங்களுக்கு இல்லையோ?”

“எனக்கு ஒண்டுமில்லை.”

“சேட்டைத் தூக்குங்கோ பாப்பம்.”

தூக்கினான். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் குனிந்து பார்த்தான். இடுப்பைச் சுற்றி விரல் மொத்தத்துக்குத் தோல் உரிந்து, சதை தெரிந்து, ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. சேட்டின் உட்பக்கம் முழுதும் காய்ந்த இரத்தம். விரலால் அமத்திப் பார்த்தான். வேறு ஒருவனுடைய உடம்பைத் தொடுவதுபோல இருந்தது.

“அண்ணா... நோகேல்லையோ?”

“இல்லை.”

அவள் சேட்டை இறக்கிவிட்டாள். பிறகு கேட்டாள்: “அப்பா கடைசியாக் கூப்பிட்டது எங்கை? அதைத் திரும்ப ஒட்டுங்கோ. அது காணும்.”

“அழிச்சிட்டன்.”

“அப்பான்ரை குரலையோ?”

“தேவைப்படேல்லை.”

“உங்களுக்கு எதுதான் அண்ணா தேவைப்பட்டது?” என்றாள். அதைக் கோபத்தோடு கூடச் சொல்லவில்லை. “என்ரை பழைய ஃபோனிலை அண்டைக்கு எடுத்த வீடியோ ஒண்டு கிடக்கு. சார்ஜ் ஏறினா அனுப்புறன். அப்பா வேறை ஆரின்ரை சொல்லையும் இதுக்கு ஏற்கமாட்டார். தொடங்கின வாய்தான் முடிக்கவேணும்.”

அவள் போனபிறகு றஜித்துக்கு ஃபோன் எடுத்து, பாட்டை நிறுத்தட்டோ என்று கேட்டான்.

“பாட்டை நிப்பாட்டட்டோ? உனக்கென்ன விசரோ மச்சான்?” என்றது மறுமுனை. “பன்னிரண்டு வருசமாச் சனம் பாத்துக்கொண்டு இருக்கு. சந்திக்குச் சந்தி போடப்போறாங்கள். ஞாயிறு ஆறு மணிக்கு முன்னம் ஏதும் மாத்திறதெண்டா மாத்து. ஆறு மணிக்குப் பிறகு என்ரை கையிலை இல்லை.” பிறகு வேறு குரலில் கேட்டான்: “ஸ்ரனி, உனக்கும் இடுப்பு...?”

“ஓம்.”

“அப்ப மாத்து,” என்றான் றஜித். “எப்பிடியாவது மாத்து.”

வெள்ளி 3:40. சனி 2:15. மணல் இப்போது பிடிக்கணக்கில் இல்லை. சனிக்கிழமை இரண்டு வாளி. உமிச் சாக்குகளில் முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறி, அதன் மேல்விளிம்பில் உப்புக் கோடு ஒன்று அறையைச் சுற்றி ஓடியது.

வாளியோடு வெளியே வந்தபோது, இருபது வருடம் நினைக்காததை ஸ்ரனிஸ்லஸ் நினைத்தான். நினைத்தது என்று சொல்லமுடியாது. தபாலில் வந்த கடிதத்தைப் பிரித்துப் படிக்கிறதுபோல ஒவ்வொரு வரியாக வந்தது. சுனாமி வந்த ஞாயிறு அவனுக்குப் பதினெட்டு வயது. அம்மா ஞானமலர் பூசைக்கு முன்னம் மீன் வாங்கவென்று கரைக்குப் போனவ, திரும்பி வரவில்லை. மூன்றாம் நாள், முகத்துவாரத்தில் கிடக்கிற உடல்களை எடுக்கவென்று தோமஸ் ஆட்களைச் சேர்த்துக் கரைவலை இறக்கினார். அவனும் இடுப்பில் கயிறு கட்டினான். “வலை எங்கை?” என்று தோமஸ் கூப்பிட்டார், “வருகுது” என்று அழுதுகொண்டே பதில் சொன்னார்கள். மடி கரைக்குக் கிட்ட வந்தது. வலையின் கடைசிப் பையை மடி என்பார்கள். அகப்பட்டதெல்லாம் அதற்குள் சேரும். அது பாரமாக இருந்தது. இன்னும் பத்து அடி. அவன் இடுப்புக் கயிற்றைக் கழற்றிப் போட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்தான். மடிக்குள் என்ன வந்தது என்று அவன் யாரையும் கேட்கவில்லை. யாரும் சொல்லவுமில்லை. அன்றிலிருந்து அவனுக்கு எதுவும் நோவதில்லை.

வாளியைக் கவிழ்த்தான். வெள்ளை மணல் சிவப்பு மண்ணில் பரவியது.

ஞாயிறு மத்தியானம் பாட்டு ஐம்பது விநாடி.

வீடியோ நாலரைக்கு வந்தது. அறைக்குள் இருந்து பார்த்தான். கரை, வெயில், தோமஸின் முதுகு, கயிற்றில் எட்டுப் பேர். மைக்கோடு மணலில் குந்தியிருக்கிற தன்னைக் கண்டான், சாம்பல் நிறச் சேட்டு, கழுத்துப் பட்டி கிழிந்தது. தோமஸ் கையைத் தூக்கினார். முடிக்கப் போகிறார். வாயைத் திறந்தார்.

வீடியோ நின்றது.

திரும்பப் போட்டான். திறந்த வாயில் நின்றது. மூன்றாம் தரம் போட்டபோது கயிற்றில் நின்றவர்களை எண்ணினான். ஒன்பது. கடைசியில் நின்றவனின் முதுகு மட்டும் தெரிந்தது. சாம்பல் நிறச் சேட்டு. கழுத்துப் பட்டி கிழிந்திருந்தது.

ஐந்து மணி. மைக்கைப் போட்டு, தானே “கயிறு விடு” என்று கூப்பிட்டான். போட்டுப் பார்த்தான். திரையில் கோடு நேராகக் கிடந்தது, குரல் பதியவில்லை. திரும்பக் கூப்பிட்டான். நேர்க்கோடு. சத்தமாக. நேர்க்கோடு. ஒன்பது தரம் கூப்பிட்டான், ஒன்பது தரமும் கொப்பியில் ஒரு கோடு போட்டான். பத்தாம் தரம் வாயைத் திறக்கமுன், ஹெட்ஃபோனுக்குள், காதோடு காதாக, சுருட்டு மணத்தோடு ஒரு மூச்சு.

“வலை எங்கை?”

அவனுடைய வாய் அவனைக் கேட்காமல் சொன்னது.

“வருகுது.”

அது பதிந்தது.

ஆறு மணி ஆனதை அவன் கடிகாரத்தில் பார்க்கவில்லை. கேட்டான். உமிச் சாக்குகளுக்கும் பலகைக் கதவுக்கும் அந்தப் பக்கம், அரைமைல் தூரத்தில், புளியங்குளச் சந்தியில் யாரோ ஸ்பீக்கரில் போட்டார்கள். பிறகு வீதியில் போகிற ஒரு ஓட்டோவில். பிறகு ஒரு பஸ்ஸில். பக்கத்து வளவில் ஒரு பொம்பிளைப் பிள்ளையின் ஃபோனில். ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஒன்றோடு ஒன்று சேர்ந்து, கடைசியில் ஒரே குரலானது. சந்தியில் நின்ற சனம் சிரித்துக்கொண்டே பதில் சொன்னது. வருகுது! அந்த அறைக்குள் இவ்வளவு சத்தம் ஒருநாளும் புகுந்ததில்லை.

திரையைப் பார்த்தான். 0:31.

கதவைத் திறந்தான்.

வெளிச்சம் இன்னும் முழுதாகப் போகவில்லை. வளவு முழுக்க வெள்ளை மணல். அதில் இரண்டு வரிசை முதுகுகள். வீட்டுக்கு முதுகைக் காட்டி, படலையைப் பார்த்தபடி, இடுப்பில் கயிறு கொளுவி, பின்பக்கமாக அடி வைத்து வந்துகொண்டிருந்தார்கள். ஒரு அடி. நிற்பார்கள். ஒரு அடி. அவன் எண்ணினான், எண்ணாமல் இருக்க அவனுக்குத் தெரியாது. நாற்பது. பத்துப் பேர் நிரோசினி, ஒரே சட்டை, ஒரே பின்னல். பத்துப் பேர் பிரதாபன். பத்துப் பேர் றஜித். மற்றப் பத்து முதுகிலும் சாம்பல் நிறச் சேட்டு.

கயிறு படலைக்கு வெளியே, வீதியின் இருட்டுக்குள் போனது. விறைத்து நின்றது. தண்ணி சொட்டியது.

திறந்த கதவுக்குள்ளால் திரை தெரிந்தது. 0:20.

“வலை எங்கை?” குரல் அவனுக்குப் பின்னால், அறைக்குள் இருந்து வந்தது.

“வருகுது,” என்றது நாற்பது வாய். அவனுடைய வாயும்.

ஒரு அடி.

இடுப்பைத் தடவிப் பார்த்தான். கயிறு இருந்தது. ஊறின தும்புக் கயிறு. முடிச்சு பின்பக்கம். விரல் எட்டவில்லை.

0:12.

படலைக்கு வெளியே ஏதோ தரையில் உரசிக்கொண்டு வந்தது. பாரமாக. நிற்காமல்.

அப்போது முதலாவது முதுகு கையைப் பின்னால் கொண்டுபோய்த் தன் இடுப்புக் கயிற்றைக் கழற்றியது. கீழே போட்டது. திரும்பியது. முகம் குனிந்தபடி அவனைக் கடந்து நடந்து போனது. அது சாம்பல் நிறச் சேட்டு. அடுத்ததும் கழற்றியது. அடுத்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மணலில் கயிறுகள் விழுகிற சத்தம் மட்டும். பத்து. இருபது. நாற்பது.

“நில்லுங்கோ,” என்றான்.

ஒருவரும் நிற்கவில்லை. தன்னுடைய நடையை முதல் தரம் அவன் பின்னால் இருந்து பார்த்தான்.

வளவில் அவன் மட்டும். கயிற்றில் அவன் மட்டும்.

0:03.

படலை சாய்ந்து விழுந்தது. மடி உள்ளே வந்தது. மனிச உயரம். கறுத்த வலை, அதன் கண்களுக்குள்ளால் தண்ணி ஒழுகியது. இழுக்க ஒருவரும் இல்லை. ஆனாலும் வந்தது. பத்து அடி. ஐந்து அடி.

“வலை எங்கை?”

ஸ்ரனிஸ்லஸ் பல்லைக் கடித்தான். இரண்டு கையாலும் வாயைப் பொத்தினான். பதில் சொல்லவில்லை.

மடிக்குள் இருந்து ஒரு பெண் குரல், தொண்டை நிறையத் தண்ணியோடு, பூசைக்கு நேரமாகிவிட்டது என்று அவசரப்படுகிற மாதிரிச் சொன்னது:

“வந்திட்டன்.”

வலைக் கண்களுக்குள்ளால் விரல்கள் வெளியே வந்தன. வெளுத்து ஊதிய விரல்கள். அவனுடைய இடுப்பைத் தடவிச் சுற்றிப் போய், பின்பக்கம், முடிச்சைப் பிடித்தன. இறுக்கின.

நொந்தது. இருபது வருடத்துக்குப் பிறகு, எல்லாம் ஒன்றாக நொந்தது.

விரல்கள் இரண்டாவது முடிச்சைப் போடத் தொடங்கின.